சிஸ்டர், ஊசி போட்டும் சுகர் ஏன் இறங்க மாட்டேங்குது?

இந்த மாசம் வந்த கடிதங்கள பரப்பி வெச்சு படிச்சேன், பாதிக்கு மேல ஒரே கேள்விதான், மாத்திரை சாப்பிடுறோம், ஊசி போடுறோம், அப்புறமும் சுகர் குறையல, மருந்து சரியில்லையா சிஸ்டர்னு. சர்க்கரை நோய் ஓபில 26 வருஷம் நர்ஸா நின்னவ நான், இப்படி யாராவது வந்து உக்காந்தா முதல்ல மருந்து பேர கேக்க மாட்டேன். எந்த சிரிஞ்ச், ஊசிய எங்க குத்துறீங்க, மருந்த எங்க வெக்கிறீங்க, ஊசி போட்டு எவ்வளவு நேரம் கழிச்சு சாப்பிடுறீங்க, இதத்தான் கேப்பேன். பாதி பேருக்கு விடை அங்கயே கிடைச்சிரும். டோஸ் எத்தனன்னு முடிவு பண்றது உங்க டாக்டர் வேலை, அதுல நான் தலையிட மாட்டேன், ஆனா அவர் எழுதுன டோஸ் முழுசா உங்க உடம்புக்குள்ள போகுதான்னு பாக்குறது நம்ம வேலை.

மன்னார்குடி வாசகர்: அம்மாவுக்கு 67 வயசு, 12 வருஷமா சுகர். போன வருஷத்துலேந்து பாட்டில் இன்சுலின், 30/70 (சீக்கிரம் வேலை செய்றது 30 பங்கு, மெதுவா வேலை செய்றது 70 பங்கு கலந்தது), காலைல 20 யூனிட் ராத்திரி 12. நல்லாதான் இருந்துச்சு. நான் சென்னைல வேலை பாக்குறேன், ரெண்டு மாசம் முன்னாடி ஊருக்கு போறப்போ அம்மாவுக்கு அலைச்சல் வேணாமேன்னு சிரிஞ்ச் மொத்தமா வாங்கிட்டு போனேன். இப்போ கொஞ்ச நாளா வெறும் வயித்துல 240, சாப்பிட்டு 320 காட்டுது. டாக்டர் காலை டோஸ 24 ஆக்குனாரு, போன வாரம் 28 ஆக்கிட்டாரு. நீ ரகசியமா ஸ்வீட் சாப்பிடுறியான்னு எல்லாரும் கேட்டு அம்மா அழுவுறாங்க. இன்சுலின் கம்பெனிய மாத்தணுமா?

தம்பி, சிரிஞ்ச் மொத்தமா வாங்கிட்டு போனேன்னு நீங்க போற போக்குல எழுதிருக்கீங்க பாருங்க, அந்த வரி கீழ நான் கோடு போட்டு வெச்சேன். இத படிச்ச உடனே அம்மாவுக்கு போன் போட்டு சிரிஞ்ச் மூடி என்ன கலர்னு கேளுங்க. சிவப்பா, ஆரஞ்சா?

நம்ம ஊர்ல கண்ணாடி பாட்டில்ல வர்ற இன்சுலின் பெரும்பாலும் 1 மில்லில 40 யூனிட் இருக்குற மருந்து, பாட்டில் மேலயே 40 ஐயு-ன்னு போட்டுருக்கும். அதுக்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், அது மேலயும் யு-40ன்னு எழுதிருக்கும். ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் 1 மில்லில 100 யூனிட் இருக்குற மருந்துக்கு செஞ்சது. ரெண்டும் பாக்க ஒரே மாதிரி மெலிசா இருக்கும், கடைல இன்சுலின் சிரிஞ்ச் குடுங்கன்னு பொதுவா கேட்டா கைக்கு வந்தத குடுத்துருவாங்க, அவங்களையும் முழுசா குத்தம் சொல்ல முடியாது. இப்ப கணக்க பாருங்க. 40 பாட்டில்லேந்து ஆரஞ்சு சிரிஞ்ச்ல 20 கோடு வரைக்கும் இழுத்தா உள்ள வர்றது 0.2 மில்லிதான், அதுல இருக்குற மருந்து 8 யூனிட். டாக்டர் எழுதுனது 20, அம்மாவுக்கு போனது 8. இப்போ 28 கோடு வரைக்கும் இழுத்தாலும் 11 யூனிட் கிட்டதான் போகும். டாக்டர் கூட்ட கூட்ட சுகர் ஏன் அசையலன்னு புரியுதா?

மூடி ஆரஞ்சுன்னு அம்மா சொன்னா, கடைக்கு ஓடி சிவப்பு சிரிஞ்ச் வாங்கி அதுல 28 போட்டுறாதீங்க. தம்பி, இதுதான் இந்த பதில்லயே எனக்கு ரொம்ப முக்கியம். ரெண்டு மாசமா 8, 11னு போயிட்டிருந்த உடம்புக்குள்ள திடீர்னு நிஜமான 28 போனா லோ சுகர் ஆகி மயங்கி விழ வாய்ப்பு இருக்கு, 67 வயசு அம்மாவுக்கு அது ரொம்ப ஆபத்து. அன்னைக்கே டாக்டருக்கு போன் பண்ணி, சிரிஞ்ச் மாறிப்போச்சு, இத்தன நாளா இவ்வளவுதான் போயிருக்கு, சரியான சிரிஞ்ச்ல இப்ப எவ்வளவு போடணும்னு கேளுங்க, அவர் சொல்றத பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டுங்க.

இதே தப்பு தலைகீழா நடந்தா இன்னும் பயங்கரம். பேனா மாதிரி இருக்குற இன்சுலின் பென்ல போடுற கார்ட்ரிட்ஜ்ல, அதாவது மருந்துக் குழாய்ல, 1 மில்லிக்கு 100 யூனிட். பென் ரிப்பேர் ஆயிருச்சுன்னு அதுலேந்து சிவப்பு சிரிஞ்ச்ல உறிஞ்சி 20 கோடு போட்டா உள்ள போறது 50 யூனிட். ஓபில இப்படி ஒரு பெரியவர ஆம்புலன்ஸ்ல கொண்டு வந்தத பாத்திருக்கேன், பொழச்சுட்டாரு, ஆனா அந்த குடும்பம் அன்னைக்கு பட்ட பாடு எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. பென் கார்ட்ரிட்ஜ்லேந்து சிரிஞ்ச்ல எடுக்கவே எடுக்காதீங்க.

30/70 பால் மாதிரி கலங்கலா இருக்குற மருந்து, வெச்ச இடத்துல அடில தங்கிரும். போடுறதுக்கு முன்னாடி ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வெச்சு ஒரு பத்து தடவ மெதுவா உருட்டணும், அப்புறம் மேலயும் கீழயுமா ஒரு பத்து தடவ சாய்க்கணும். டானிக் பாட்டில் மாதிரி குலுக்கக்கூடாது, நுரை வந்தா அளவு தப்பும். சாதாரண ஹியூமன் 30/70ன்னா சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி போடணும், அம்மா இட்லிய தட்டுல வெச்சுட்டுதான் ஊசிய எடுக்குறாங்கன்னா அதுவும் சாப்பிட்ட சுகர ஏத்தும்.

மூடி ஆரஞ்சாதான் இருந்துச்சுன்னா அம்மாகிட்ட நீங்களே வாயால சொல்லிருங்க, நீ ஒண்ணும் சாப்பிடலம்மா, நான் வாங்கிட்டு வந்த சிரிஞ்ச்தான் மாறிப்போச்சுன்னு. அந்த அழுகை முதல்ல நிக்கணும்.

விருதுநகர் மாவட்டத்துலேந்து ஒரு வாசகி: எங்க வீட்ல ஃப்ரிட்ஜ் இல்லக்கா. இன்சுலின பக்கத்து வீட்ல குடுத்து வெச்சேன், அவங்க நல்லா குளுரட்டும்னு மேல ஐஸ் பெட்டிக்குள்ள வெச்சுட்டாங்க. கல்லு மாதிரி ஆயிருச்சு. வெளிய வெச்சா உருகிருச்சு, இப்ப பாக்க பழைய மாதிரிதான் இருக்கு. போடலாமா? கோடைல தினமும் அடுத்த வீட்டு கதவ தட்டவும் சங்கடமா இருக்கு.

போடாதம்மா. ஒரு தடவ உறைஞ்ச இன்சுலின் உருகி வந்தாலும் வேலை செய்யும்னு நம்ப முடியாது, கண்ணுக்கு நல்லா தெரிஞ்சாலும் தூக்கிப் போடத்தான் வேணும். காசு போச்சேன்னு வலிக்கும், எனக்கு தெரியும், ஆனா அத போட்டுட்டு சுகர் 400க்கு போனா அதவிட அதிகமா செலவாகும். கவர்மெண்ட் ஆஸ்பத்திரில வாங்குனதுன்னா நடந்தத அப்படியே சொல்லி வேற பாட்டில் கேளு, இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

பிரிக்காத பாட்டில் 2லேந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், அதாவது ஃப்ரிட்ஜோட நடுத்தட்டுலயோ கதவுலயோ, ஐஸ் பெட்டியும் கூடாது, அத ஒட்டுன இடமும் கூடாது. பிரிச்சு போட ஆரம்பிச்ச பாட்டில் ரூம் சூட்டுல, 25லேந்து 30 டிகிரிக்குள்ள, ஏறக்குறைய 4 வாரம் தாங்கும், சில மருந்துக்கு கொஞ்சம் கூட குறைய இருக்கும், அட்டைல பாத்துக்கோ. பிரிச்ச தேதிய பேனாவால பாட்டில் மேலயே எழுது. பிரச்சனை என்னன்னா, உங்க ஊர்ல சித்திரை வைகாசில ரூம் சூடு 30 டிகிரியாவா இருக்கு? 38, 40ல்ல அடிக்குது.

அதுக்கு நம்ம வீட்டு மண்பானையே போதும்மா. ஒரு பெரிய மண்சட்டி, அதுக்குள்ள அடங்குற மாதிரி ஒரு சின்ன சட்டி, நடுவுல ஆத்து மணல். மணல்ல காலைலயும் சாயங்காலமும் தண்ணி ஊத்தி ஈரமாவே வெச்சுக்கணும். பாட்டில தண்ணி புகாத சின்ன டப்பாக்குள்ள போட்டு உள் சட்டில வெச்சு மேல ஈரத்துணி மூடி, வெயில் படாத காத்தோட்டமான இடத்துல வெச்சுரு. தண்ணி ஆவியாகுறப்போ சூட்ட எடுத்துட்டு போயிரும், பானைத்தண்ணி ஜில்லுன்னு இருக்குறதும் அதனாலதான. உங்க பக்கம் காத்து வறண்டு இருக்குறதால நல்லாவே வேலை செய்யும், கடலோரத்துல இருக்குறவங்களுக்கு புழுக்கமான நாள்ல இந்தளவு குளுராது. இது இப்ப போட்டுட்டிருக்குற பாட்டிலுக்கு மட்டும்தான், அடுத்த மாசத்துக்கு வாங்குறத பக்கத்து வீட்லயே வை, ஆனா டப்பா மேல "ஐஸ் பெட்டியில் வைக்கக்கூடாது"ன்னு பெருசா எழுதி ஒட்டி குடு. மாசம் ஒரு தடவ கதவ தட்டுனா போதும்ல.

திருநெல்வேலி வாசகி: என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுறாங்க, 51 வயசு, கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூணும் சேந்த மாத்திரை ரெண்டு வேளை. போன வாரம் சவாரி நெறையன்னு மத்தியான சாப்பாட்ட விட்டுட்டாங்க, நாலு மணிக்கு வீட்டு வாசல்ல வேர்த்து ஊத்தி கை நடுங்கி நிக்காங்க, வாய் குழறுது. சீனிய அள்ளி தண்ணில கரைச்சு குடுத்தேன், ரெண்டு ரஸ்க் குடுத்தேன், அரை மணி நேரமாகியும் தெளியவே இல்ல. அப்புறம் ஆஸ்பத்திரில குளுக்கோஸ் ஏத்துனாங்க. சீனி குடுத்தா உடனே சரியாகும்னுதானம்மா எல்லாரும் சொல்றாங்க?

தாயி, நீங்க செஞ்சது சரியான வேலைதான், பயத்துலயும் புத்தியோட சீனிய குடுத்திருக்கீங்க. அவங்க சாப்பிடுற மாத்திரைல இருக்குற வோக்லிபோஸ்தான் இதுல குறுக்க நின்னது, இத பல பேருக்கு யாரும் சொல்லித் தர்றதில்ல, அதான் எனக்கு ஆதங்கம்.

நம்ம வீட்டு சீனி குடலுக்குள்ள போய் உடைஞ்சு குளுக்கோஸ் ஆனாதான் ரத்தத்துல சேரும். அந்த உடைக்கிற வேலையத்தான் வோக்லிபோஸ் தடுக்குது, சாப்பிட்டதும் சுகர் சட்டுனு ஏறக்கூடாதுன்னுதான் அத குடுக்குறதே. அகார்போஸ் மாத்திரையும் இதே ரகம். அதனால இந்த மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு லோ ஆச்சுன்னா சீனி, ரஸ்க், மிட்டாய் எல்லாம் மெதுவாத்தான் வேலை செய்யும், மெடிக்கல்ல டப்பால விக்கிற குளுக்கோஸ் பொடிதான் வேணும், அது உடைய வேண்டியதே இல்ல, நேரா ரத்தத்துக்கு போயிரும். 15 கிராம், அதாவது குவிச்சு 3 டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணில. 15 நிமிஷம் கழிச்சு சுகர் பாருங்க, 70க்கு கீழயே இருந்தா இன்னொரு தடவ அதே அளவு. ஏறுனதுக்கு அப்புறம் இட்லியோ சாதமோ வயித்துக்கு ஏதாவது குடுங்க. கையோட சொல்லிடுறேன், சாக்லேட் இதுக்கு ஆகாது, அதுல இருக்குற கொழுப்பு சர்க்கரை சேர்றத இன்னும் தாமதமாக்கும். நினைவு இல்லன்னா வாய்ல எதையும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும், ஒருக்களிச்சு படுக்க வெச்சுட்டு 108க்கு போன் பண்ணுங்க.

லோ ஆகவெச்சது கிளிமிபிரைடு. சாப்பாடு வந்தாலும் வராட்டியும் அது கணையத்த இன்சுலின் சுரக்க வெச்சுக்கிட்டே இருக்கும். இந்த ரக மாத்திரைல லோ ஆனவங்களுக்கு தெளிஞ்சதுக்கு அப்புறம் சில மணி நேரத்துல மறுபடியும் இறங்கலாம், அதனால அன்னைக்கு பூராவும் ராத்திரியும் ஆள் கூட இருக்கணும். நீங்க ஆஸ்பத்திரிக்கு போனது ரொம்ப நல்ல முடிவு.

இப்ப ஆட்டோவுக்குள்ள குளுக்கோஸ் பொடி பாக்கெட்டும் ஒரு தண்ணி பாட்டிலும் எப்பவும் இருக்கணும், சட்டப்பையில "நான் சர்க்கரை நோயாளி" ன்னு எழுதுன ஒரு சீட்டு, மாத்திரை பேரோட. ஸ்டியரிங்ல இருக்குறப்போ வேர்த்தா, வாகனத்த ஓரம் கட்டிட்டுதான் மத்தது. அடுத்த தடவ டாக்டர்ட்ட போறப்போ, சார் எனக்கு மத்தியானம் சாப்பாடு 1 மணிக்கும் வரும் 4 மணிக்கும் வரும்னு உள்ளத சொல்ல சொல்லுங்க. நேரத்துக்கு சாப்பிடுறேன்னு டாக்டர்கிட்ட நல்ல பேர் வாங்கி என்ன ஆகப்போகுது? சாப்பாடு தவறுனா லோ ஆக்காத மாத்திரைகளும் இருக்கு, உண்மை தெரிஞ்சாதான் அவரால மாத்தித்தர முடியும். பிரஷருக்கு மெட்டோபிரோலால் மாதிரி மாத்திரை எடுக்குறாங்களான்னும் பாருங்க, அது லோ ஆகுறப்போ வர்ற படபடப்ப மறைச்சிரும், வேர்வை மட்டும்தான் அடையாளமா மிஞ்சும்.

கிருஷ்ணகிரி வாசகர்: அப்பாவுக்கு மாசா மாசம் வீடு தேடி வந்து மாத்திரை குடுக்குறாங்க. அவரு டவுன்ல ஒரு டாக்டரையும் பாக்குறாரு. ரெண்டையும் சாப்பிடுறாரு, கவர்மெண்ட் மாத்திரை தனி, இது தனி, ரெண்டும் சேந்தா நல்லா கேக்கும்ங்குறாரு. சரியா?

சரியில்லப்பா. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து குடுக்குறாங்களே, அது பெரிய உபகாரம், நடக்க முடியாத எத்தனையோ பெரியவங்க அதனாலதான் மாத்திரைய விடாம சாப்பிடுறாங்க. ஆனா அதுல வர்ற வெள்ளை மாத்திரை மெட்ஃபார்மினா இருக்கும், டவுன் டாக்டர் எழுதுன கலர் மாத்திரைக்குள்ளயும் அதே மெட்ஃபார்மின் இருக்கும், கூட கிளிமிபிரைடும் சேந்திருக்கும். பேர் வேற, உள்ள இருக்குற மருந்து ஒண்ணே, அப்பா ரெண்டு பங்கு சாப்பிட்டுட்டு இருக்காருன்னு தோணுது. அட்டைல பெரிய எழுத்துல இருக்குறது கம்பெனி வெச்ச பேரு, அதுக்கு கீழ சின்ன எழுத்துல இருக்குறதுதான் மருந்து, அத படிங்க. வீட்ல இருக்குற எல்லா அட்டையையும், பிரஷர், வலி மாத்திரை, லேகியம் உட்பட, ஒரு மஞ்சப்பைல போட்டு ஒரே டாக்டர் முன்னாடி கொட்டுங்க. எது வேணும் எது வேணாம்னு அவர் பிரிச்சு குடுக்கட்டும். கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் டெஸ்ட் எப்ப எடுத்தாருன்னு அப்பவே கேளுங்க, கிட்னி ரொம்ப குறைஞ்சவங்களுக்கு மெட்ஃபார்மின் குடுக்க மாட்டாங்க. பல வருஷமா மெட்ஃபார்மின் சாப்பிடுறவருக்கு கால் மதமதன்னு இருந்தா பி12 வைட்டமின் அளவும் ஒரு தடவ பாத்துரலாம், அது குறையுறது உண்டு, எல்லா எரிச்சலும் சுகராலதான்னு விட்டுறக்கூடாது.

கீழக்கரை வாசகி: உம்மா ரெண்டு வேளை 30/70 ஊசி போடுறாங்க. 30 நோன்பும் பிடிப்பேன்னு பிடிவாதமா இருக்காங்க. நோன்பு நேரத்துல விரல்ல குத்தி சுகர் பாத்தா நோன்பு முறிஞ்சிரும்னு பாக்கவும் விட மாட்டேங்குறாங்க. என்ன செய்றது?

நோன்பு வைக்கணும்ங்குற ஆசை மேல கை வைக்காம பேசுனாதான் உம்மா காது குடுப்பாங்க. விரல்ல குத்தி ஒரு சொட்டு ரத்தம் பாக்குறதால நோன்பு முறியாதுன்னுதான் மார்க்க அறிஞர்கள் சொல்றாங்க, உங்க பள்ளி இமாம்கிட்டயே ஒரு வார்த்தை உம்மா காதுபட கேட்டுருங்க, நான் நூறு தடவ சொல்றத விட அது போய் சேரும். ரமலானுக்கு ஒண்ணு ரெண்டு மாசம் முன்னாடியே டாக்டர பாக்கணும், முதல் நோன்புக்கு முந்தின நாள் போய் நிக்கக்கூடாது. ஊசிய காலைல இருந்த அளவுலயே சஹர்ல, அதாவது விடியறதுக்கு முன்னாடி சாப்பிடுறப்போ, போட்டுட்டு பகல் பூரா பட்டினி இருந்தா கண்டிப்பா லோ ஆகும், பெரிய பங்க நோன்பு திறக்குற நேரத்துக்கு மாத்தி சஹர் பங்க குறைச்சு எழுதுவாங்க, சிலருக்கு மருந்தையே மாத்துவாங்க. பகல்ல சுகர் 70க்கு கீழ போனாலும் 300க்கு மேல போனாலும் அந்த நோன்ப அப்பவே திறந்துரணும், நோன்பு திறக்குற மஃரிபுக்கு இன்னும் பத்து நிமிஷம்தான இருக்குன்னு பொறுக்கக்கூடாது. கிட்னி கோளாறு இருந்தாலோ சமீபத்துல லோ ஆகி மயங்கிருந்தாலோ டாக்டர் வேணாம்னுதான் சொல்வாரு, நோயாளிக்கு மார்க்கத்துலயே சலுகை இருக்குன்னு உம்மாவுக்கு தெரியாததா.

கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்குறவங்களும் இத படிச்சுக்கோங்க. முக்கியமா டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் மாதிரி, சுகர சிறுநீர்ல வெளியேத்துற மாத்திரை எடுக்குறவங்க. நாள் கணக்கா பட்டினி கிடந்து இத மட்டும் விடாம சாப்பிட்டா ரத்தத்துல கீட்டோன்ங்குற அமிலம் சேந்து உடம்பு மோசமாகலாம், அப்போ மீட்டர்ல சுகர் அவ்வளவு அதிகமாவே காட்டாது, அதான் ஏமாத்திரும். வாந்தி, வயித்து வலி, மூச்சு வாங்குதுன்னா நேரா ஆஸ்பத்திரி. ஆபரேஷன் இருந்தாலும் இந்த மாத்திரைய சில நாள் முன்னாடியே நிறுத்த சொல்வாங்க, கேட்டுக்கோங்க.

சேலம் வாசகர்: டாக்டர் இன்சுலின் ஆரம்பிக்கணும்னு ரெண்டு தடவ சொல்லிட்டாரு. ஒருக்கா ஆரம்பிச்சா சாகுற வரைக்கும் நிறுத்த முடியாதாம், கடைசி கட்டம்னு அர்த்தமாம். உண்மையா?

இல்லண்ணே. கர்ப்ப காலத்துல சுகர் வந்து இன்சுலின் போட்ட பொண்ணுங்க முக்கால்வாசி பேர் பிரசவத்தோட நிறுத்திருவாங்க, ஆபரேஷனுக்கும் கால் புண்ணுக்கும் போட்டுட்டு புண் ஆறுனதும் மாத்திரைக்கு திரும்புனவங்கள நானே எத்தனையோ பேர பாத்துருக்கேன். 10, 15 வருஷம் சுகர் இருந்து கணையமே களைச்சு போனவங்களுக்கு தொடர்ந்து வேணும்தான், ஆனா அது ஊசி பிடிச்சு வெச்ச பழக்கம் இல்ல, உடம்புல இல்லாதத நாம வெளியேந்து குடுக்குறோம், அவ்வளவுதான். 1922 ஜனவரில டொராண்டோல முதன்முதலா இன்சுலின் போட்டது ஒரு 14 வயசு பையனுக்கு, எலும்பும் தோலுமா சாகக் கிடந்த பிள்ள, அந்த மருந்தால 13 வருஷம் கூட வாழ்ந்தான். அதுக்கு முன்னாடி அந்த மாதிரி பிள்ளைங்களுக்கு பட்டினி போடுறத தவிர வேற வைத்தியமே இல்ல. இப்ப பென் ஊசி 4 மில்லிமீட்டர் நீளம்தான், கொசு கடிக்கிறத விட கம்மி. ரெண்டு தடவ தட்டிக்கழிச்சுட்டீங்க, அந்த நேரம் பூரா கண்ணும் கிட்னியும் கால் நரம்பும் கெட்டுட்டேதான் இருந்துருக்கும். மூணாவது தடவ சரின்னு சொல்லிருங்கண்ணே.

சின்ன சின்ன கேள்விகள்

மாத்திரை போட மறந்துட்டா அடுத்த வேளை ரெண்டா போடலாமான்னு நாலு பேர் கேட்டுருக்கீங்க. கூடாது. ஊசியும் அப்படித்தான், சாப்பாட்டுக்கு முன்னாடி போட வேண்டிய ஊசிய மறந்துட்டு படுக்க போறப்போ போட்டா நடு ராத்திரி இறங்கும். விட்டதுக்கு என்ன செய்யணும்னு உங்க டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கி வெச்சுக்கோங்க.

திருச்சிலேந்து சிங்கப்பூர் மகள் வீட்டுக்கு போற அம்மா, இன்சுலின பெட்டில போட்டு லக்கேஜ்ல விடாதீங்க, கீழ சரக்கு வைக்கிற இடத்துல உறையற அளவு குளிர் இருக்கலாம். கைப்பைல வெச்சுக்கோங்க, டாக்டர் சீட்டும் கூட இருக்கட்டும். ரெண்டரை மணி நேர வித்தியாசத்துக்கு பெரிய மாற்றம் தேவைப்படாது, இருந்தாலும் கேட்டுக்கோங்க.

போட்ட ஊசிய எங்க போடுறதுன்னு கேட்ட கோயம்புத்தூர் தம்பிக்கு நன்றி, யாருமே கேக்காத கேள்வி. வீட்ல சேர்ற ஊசிய சாதாரண குப்பையோட கலக்கக்கூடாது. நம்ம குப்பைய கையால பிரிக்கிறது ஒரு மனுஷி, அவங்க விரல்ல குத்துனா அவங்க குடும்பத்துக்கே கஷ்டம். தடிமனான பினாயில் பாட்டில்ல போட்டு முக்கால் பாகம் சேந்ததும் மூடிய இறுக்கி, ஊசின்னு மேல எழுதி, ஆஸ்பத்திரிலயோ ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ கேட்டு குடுத்துருங்க.

தஞ்சாவூர் வாசகி, போன மாசம் எழுதுனவங்க: நீங்க சொன்ன மாதிரி ஊசி போடுற இடத்துல கட்டி இருக்கான்னு தொப்புள் பக்கத்துல தடவி பாத்தேன் சிஸ்டர், ரெண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் மாதிரி கட்டி இருக்கு. வலிக்காதுன்னு மூணு வருஷமா அங்கயே போட்டுட்டு இருந்தேன். இப்போ இடத்த மாத்தி தொடைல போட ஆரம்பிச்சேன், நாலே நாள்ல ரெண்டு தடவ ராத்திரி லோ ஆயிருச்சு. திரும்ப பழைய இடத்துலயே போட்டுறவா?

வேணாம்மா, திரும்ப போகாதீங்க. லோ ஆனது இடம் மாத்துனது தப்புன்னு காட்டல, அந்த கட்டிக்குள்ள இத்தன நாளா மருந்து மாட்டிக்கிட்டு ஒழுங்கா சேரவே இல்லன்னு காட்டுது. கட்டில போட்டு போட்டு சுகர் இறங்கலன்னு டோஸ ஏத்திருப்பாங்க, இப்போ நல்ல சதைல அதே டோஸ் முழுசா சேருது, அதான் இறங்குது. போன மாசமே இத நான் சேத்து எழுதிருக்கணும், இடம் மாத்துறப்போ டோஸ் குறைக்க வேண்டி வரும் டாக்டர்ட்ட சொல்லிட்டு மாத்துங்கன்னு, விட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க.

முடிஞ்சா இன்னைக்கே, இல்லன்னா நாளைக்கு காலைல முதல் வேலையா டாக்டருக்கு போன் பண்ணி ரெண்டு தடவ லோ ஆனத சொல்லி ராத்திரி டோஸ் எவ்வளவுன்னு கேளுங்க. வயித்துல கட்டி இல்லாத இடம், தொடையோட வெளிப்பக்கம், புட்டத்தோட மேல் சதை, இதுல டாக்டர் சொல்ற ஏதாவது ஒரு இடத்த ஒரு வாரம் வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு குத்துக்கும் நடுவுல ஒரு விரல் அகலம் தள்ளி போடுங்க. தினமும் புது ஊசி. கட்டி தானா கரைய மாசக்கணக்காகும், அத தேய்க்கவோ ஒத்தடம் குடுக்கவோ வேணாம். படுக்குறப்போ தலைமாட்டுல குளுக்கோஸ் வைங்க, ஒரு வாரத்துக்கு ராத்திரி 3 மணிக்கு அலாரம் வெச்சு ஒரு தடவ சுகர் பாத்து நோட்ல எழுதுங்க, வீட்டுக்காரரையும் எழுப்பி விட்டுக்கோங்க. அந்த நோட்ட டாக்டர்கிட்ட காட்டிட்டு என்ன சொன்னாருன்னு எனக்கும் ஒரு வரி எழுதுங்க.